தனி பெஞ்சு

லெந்து நாட்கள்ல பாடுகளைப் பத்தின அதிகாரங்களை வாசிக்கிறப்போ, நம்ம கவனம் பெரும்பாலும் யூதாஸ் மேலயும் பேதுரு மேலயும்தான் போகும். எனக்கென்னவோ உறுத்தறது பிலாத்துதான். அவர் கெட்டவர் மாதிரியே தெரியலைங்கறதுதான் பிரச்சனை. நல்ல மனுஷனா, தன் நாற்காலி மேல கொஞ்சம் பயமா இருக்கிற ஒரு மேலதிகாரி மாதிரி இருக்கார். அப்படி நாலு பேரையாவது எல்லாருக்கும் தெரியும் :-)

யோவான் 18, 19 ரெண்டையும் சேர்த்து வாசிச்சுப் பாருங்க. இந்த ஆள் மேல குற்றம் இல்லைன்னு மூணு தடவை சொல்றார். அதாவது தீர்ப்பு என்னன்னு அவருக்குத் தெரியும். லூக்கா 23ல ஒரு சமரசம் வேற வரும்: அடிச்சு விட்டுடறேன், போதுமா? குற்றமே இல்லாதவனுக்கு எதுக்குங்க அடி? கூட்டத்தோட மனசு குளிரணும், அவ்வளவுதான். குளிரல. இவனை விட்டா நீ ராயனுக்கு வேண்டாதவன்னு கீழேருந்து ஒரு சத்தம் வந்துது பாருங்க, அதோட முடிஞ்சுது. மத்தேயு சொல்ற அந்தத் தண்ணியும் கை கழுவறதும் அதுக்கப்புறம் வர்ற வெறும் சடங்கு. என்னைக் கேட்டா, அவர் தோத்தது கை கழுவினப்போ இல்ல, அந்த 'அடிச்சு விட்டுடறேன்'லயே தோத்துட்டார்.

இந்த சமரசத்தை யோசிக்கிறப்போ எனக்கு எங்க ஊர் ஞாபகம்தான் வருது. காஞ்சிபுரத்துல யாரைக் கேட்டாலும் ஆண்டர்சன் ஸ்கூலுக்கு வழி சொல்லுவாங்க. ஸ்காட்லாந்து மிஷன்காரங்க 1839ல ஆரம்பிச்சது. பேருக்குச் சொந்தக்காரர் ஜான் ஆண்டர்சன். அவரோட முதல் பள்ளி மெட்ராஸ்ல, அர்மீனியன் தெருவுல, வாடகைக் கட்டடத்துல, 1837 ஏப்ரல்ல 59 பையன்களோட தொடங்கினது. பின்னாடி அதுதான் வளர்ந்து கிறிஸ்தவக் கல்லூரியாகி, 1937ல தாம்பரத்துக்குப் போச்சு.

அடுத்த வருஷமே, 1838ல, சோதனை வந்துடுச்சு. வகுப்புல தலித் பையன்கள் ஒண்ணு ரெண்டு பேர் உக்காந்திருக்காங்கன்னு தெரிஞ்சதும் மேல்சாதி வீடுகள்ல கொதிச்சுப் போயிட்டாங்க. அவங்களை வெளியே அனுப்புங்க, முடியாதுன்னா தனி பெஞ்சாவது போடுங்கன்னு கேட்டாங்க.

அந்த தனி பெஞ்சைக் கொஞ்சம் கவனிங்க. எவ்வளவு நியாயமா தெரியுது! யாரையும் துரத்த வேண்டாம், பாடம் எல்லாருக்கும் ஒரே பாடம்தான், பள்ளியும் பிழைச்சுக்கும். ஒரு பெஞ்சைத் தள்ளிப் போடறதுல என்ன வந்துடப் போகுதுன்னு யார் வேணும்னாலும் கேட்டிருக்கலாம். ஆரம்பிச்சு ரெண்டு வருஷம்கூட ஆகாத பள்ளி. பசங்க போயிட்டா ஸ்காட்லாந்துக்கு என்னன்னு கடுதாசி எழுதறது? ஆண்டர்சன் ரெண்டுக்கும் முடியாதுன்னுட்டார். நிறையப் பேர் பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.

அப்போ அது சும்மா வாய்ப்பேச்சு மிரட்டலும் இல்ல. 1833ல பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள்ள சாதி கூடாது, உடனே விடணும்னு கடிதம் அனுப்பினப்போ வேப்பேரியிலயும் தஞ்சாவூர்லயும் கிறிஸ்தவங்களே கூட்டமா சபையை விட்டு வெளியேறினாங்க. ஞானஸ்நானம் வாங்கினவங்க! இதை மறைச்சுட்டு மிஷனரி பெருமை மட்டும் பேசறது எனக்குப் பிடிக்கல. நம்ம கல்லறைத் தோட்டங்கள் சிலதுல நடுவுல சுவர் எழுப்பின சரித்திரமும் நம்மளோடதுதானே.

ஆண்டர்சனைத் தூக்கி பீடத்துல வைக்கவும் மாட்டேன். மதம் மாத்தணும்கற நோக்கத்தோடதான் வந்தார், அதை ஒளிச்சும் வைக்கல. 1841ல மாணவர்கள் சிலர் ஞானஸ்நானம் வாங்கினப்போ பள்ளி மறுபடியும் ஏறக்குறைய காலி. அந்த அப்பா அம்மாவோட கோபம் எனக்குப் புரியுது, அது வேற கணக்கு. ஆனா பெஞ்சு விஷயத்துல அவர் சரி. கூட்டம் பெருசுங்கறதால தப்பு சரியாயிடாதுன்னு யாத்திராகமம் 23ல இருக்கு. அதோட அடுத்த வசனத்தையும் பாருங்க, ஏழைங்கறதுக்காகவும் வழக்குல சாயாதேன்னு வருது. அதாவது இரக்கப்பட்டு இடம் கொடுக்கிற விஷயமே இல்ல இது. அந்தப் பையனுக்கு அந்த இடம் உரிமை, அவ்வளவுதான்.

எங்க ஊரைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். சேலையோட உடல் ஒரு கலர், பார்டர் வேற கலர், மூணு நாடா ஓட்டி ரெண்டையும் பிரிக்க முடியாதபடி கோர்வை போட்டுப் பின்னறதுல காஞ்சிக்கு உலகம் முழுக்கப் பேரு. ஆளுங்களைப் பக்கத்துல பக்கத்துல உக்கார வைக்கிறதுலதான்... சரி விடுங்க.

பழைய கதைன்னு நினைச்சுடாதீங்க. 2018 ஜூலையில அவிநாசி பக்கத்துல திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில, சத்துணவு சமைக்க வந்தவங்க தலித்துன்னு பெற்றோர்கள் சிலர் மறியல் பண்ணினாங்க. உடனே அதிகாரிகள் என்ன செஞ்சாங்க? அந்தம்மாவை இடம் மாத்தினாங்க! 180 வருஷம் கழிச்சு அதே தனி பெஞ்சு, அரசாணைத் தாள்ல. அப்புறம் எதிர்ப்பு கிளம்பி, உத்தரவை வாபஸ் வாங்கி, வன்கொடுமைச் சட்டத்துல வழக்கும் போட்டாங்க. நல்லதுதான். ஆனா கவனிச்சீங்களா, முதல் உத்தரவும் கூட்டத்துக்காக, ரெண்டாவதும் கூட்டத்துக்காக. ரெண்டாவது கூட்டம் நல்ல கூட்டமா அமைஞ்சது அந்தம்மாவோட அதிர்ஷ்டம்.

பிலாத்துக்கு எதிரா எனக்குப் பிடிச்ச ஆள் நிக்கொதேமு. யோவான் 7ல ஆலோசனைச் சங்கமே இயேசுவுக்கு எதிரா கொந்தளிக்கிறப்போ, இவர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேக்கறார்: ஒருத்தனை விசாரிக்காமலே தீர்ப்பு சொல்ல நம்ம சட்டத்துல இடம் இருக்கா? அதுக்கு யாரும் பதில் சொல்லல. திருப்பிக் கேட்டது, நீயும் கலிலேயனான்னுதான். நம்ம ஊர்ல நியாயம் பேசறவன்கிட்ட 'நீ என்ன ஆளுங்க?'ன்னு கேப்பாங்களே, அச்சு அசல் அதேதான். அதுக்கப்புறம் அந்த அதிகாரத்துல அவர் வாயைத் திறக்கல. சுத்தி இருந்தவங்க எல்லாம் கூட வேலை பாக்கிறவங்க, பயம் இருக்கத்தானே செய்யும். சிலுவைக்கு அப்புறம்தான் மறுபடி வர்றார், நூறு இராத்தல் வெள்ளைப்போளமும் கரியபோளமும் சுமந்துக்கிட்டு.

ஆண்டர்சன் 1855ல மெட்ராஸ்லயே இறந்துட்டார். அவரைவிட எனக்கு அந்தப் பையன்களைத்தான் நினைக்கத் தோணுது. துரை முடியாதுன்னு சொன்னது ஒரு நாள் வேலை. மறுநாள் காலையில அர்மீனியன் தெரு வழியா நடந்து வந்து, தங்களால காலியான பெஞ்சுகளுக்கு நடுவுல போய் உக்காந்து, புத்தகத்தைத் திறந்திருப்பாங்களே, அதுக்கு எத்தனை தைரியம் வேணும்? அப்போ அவங்களுக்கு என்ன பத்து, பன்னெண்டு வயசு இருக்குமா?