தோவாளை: பூ கட்டும் கைகளின் ஊர்

தோவாளைச் சந்தையில் பூ விலை கேட்கப் போகிறவர் தராசைப் பார்ப்பதற்கு முன் நாள்காட்டியைப் பார்த்துவிடுவது நல்லது. மறுநாள் முகூர்த்தம் என்றால், முந்தின நாள் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்த ஒரு கிலோ பிச்சிப்பூ ஆயிரத்தைத் தாண்டி நிற்கும். மல்லிகை இரண்டாயிரத்துக்கு மேலே போன நாட்களும் உண்டு. முகூர்த்தம் கழிந்த மறுநாள் அதே பூவைச் சீந்த ஆள் இருக்காது. பெட்ரோலுக்கும் தங்கத்துக்கும் விலை எங்கோ தீர்மானமாகிறது. இந்த ஊர்ப் பூவுக்கு அதைத் தீர்மானிப்பது பஞ்சாங்கம்தான்.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் நெடுஞ்சாலையில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குச் சற்று முன்னால் இருக்கிறது தோவாளை. குமரி மாவட்டத்தின் ஒரு தாலுகாவுக்கே இந்த ஊரின் பெயர்தான். ஆனால் தாலுகா அலுவலகம் இருப்பதோ பூதப்பாண்டியில். 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்த தெற்கத்தித் தாலுகாக்கள் நான்கில் தோவாளையும் ஒன்று. எல்லைக்கோடு மாறியதே தவிர பூவின் போக்குவரத்து மாறவில்லை. இன்றும் இங்கே பெரிய கொள்முதல்காரர்களில் ஒரு பகுதியினர் திருவனந்தபுரத்துப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள்.

சந்தை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். அதற்குக் காரணம் பூவிலேயே இருக்கிறது. மல்லிகையும் பிச்சியும் மாலையில் விரிபவை. மொட்டாக இருக்கும்போதே பறித்து, விரிவதற்குள் கட்டி, மாலைக்குள் தலையில் ஏற்றிவிட வேண்டும். அதனால் தோட்டத்தில் பறிப்பு இருட்டிலேயே நடக்கிறது. ஆரல்வாய்மொழி, செண்பகராமன்புதூர், குமாரபுரம் வட்டாரத்திலிருந்தும், மாவட்ட எல்லை தாண்டி ராதாபுரம், பழவூர், ஆவரைகுளம் பக்கத்திலிருந்தும் மூட்டைகள் வந்து இறங்கும். மதுரை வட்டாரத்தில் சாதிமல்லி என்று கேட்டு வாங்கும் பூதான் இங்கே பிச்சி. மொட்டின் முதுகில் ஓடும் இளஞ்சிவப்பை வைத்து அதை அடையாளம் காணலாம். நாஞ்சில் நாட்டுப் பெண்களின் கூந்தலில் மல்லிகையைவிட அதற்கே உரிமை அதிகம்.

உள்ளூர்ப் பூ இவ்வளவோடு சரி. மற்றவையெல்லாம் லாரி ஏறி வருகின்றன. சேலத்திலிருந்து அரளி, ராயக்கோட்டைப் பக்கமிருந்து கேந்தி, ஓசூர், பெங்களூரிலிருந்து ரோஜா, திண்டுக்கல், மதுரை வட்டாரத்திலிருந்து சம்பங்கியும் மல்லிகையும். தாமரை எண்ணிக்கைக் கணக்கிலும் பச்சை கட்டுக் கணக்கிலும் துளசி கிலோக் கணக்கிலும் கைமாறுகின்றன. பூ விளையும் ஊர் என்று தோவாளையைச் சொல்வது இன்று பாதி உண்மை. வந்து சேரும் பூவைக் கட்டுவதில்தான் இந்த ஊருக்கு நிகர் இல்லை. கல்யாண வீடுகளின் ரசனை எத்தனை முறை மாறினாலும் ஊர் நிலைத்து நிற்பது அதனால்தான்.

இங்கே வீட்டுத் திண்ணைகளில் பூ கட்டுகிறவர்களைப் பார்க்கலாம். பெண்கள், பள்ளி விட்டு வந்த பிள்ளைகள், வயதான ஆண்கள் எல்லோரும் கட்டுவார்கள். ஆனால் எல்லோரும் மாணிக்கமாலை கட்டிவிட முடியாது.

மாணிக்கமாலைக்கு வேண்டியவை மூன்றே பொருள்கள்: வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை. மணம் அதிகமில்லாத, விலை மலிந்த, கோயில் நந்தவனத்திலும் நெடுஞ்சாலை நடுவிலும் நின்று பூக்கிற அதே அரளிதான். ஒவ்வொரு பூவையும் இதழ் கிழியாமல் மடித்து, மடிப்பின் முகம் மட்டும் வெளியே தெரியும்படி நாரில் வரிசை வரிசையாகக் கோத்துக்கொண்டே போவார்கள். முடிந்தபின் அது உருண்டையான மாலையாக இருக்காது. பாய் முடைந்ததுபோலத் தட்டையாக, இரு பக்கமும் ஒரே அழகோடு இருக்கும். சிவப்பு மடிப்புகள் பதித்த கற்களாக மின்னும், இடையிடையே நொச்சியின் பச்சை ஓடும். திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்கு இங்கிருந்து மாலை போனது என்றும், அதைப் பார்த்து வியந்த அரசர் மாணிக்கம்போல இருக்கிறது என்று சொன்னதே பெயராக நின்றது என்றும் ஊரில் சொல்வார்கள். அரசர் சொன்னாரோ இல்லையோ, பெயர் பொருந்திவிட்டது.

2025-இல் தோவாளை மாணிக்கமாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஈத்தாமொழி நெட்டைத் தென்னை, கன்னியாகுமரி கிராம்பு, மட்டி வாழைப்பழம் என்று இந்த மாவட்டத்தின் விளைபொருள்களுக்கு ஏற்கெனவே இருக்கும் குறியீடுகளிலிருந்து இது வேறுபட்டது. அவை மூன்றும் மண்ணில் விளைபவை. மாலைக்கான அரளி சேலத்திலிருந்துகூட வரலாம். குறியீட்டுக்கு உரியது கட்டும் கை. 2013-இல் குறியீடு பெற்ற மதுரை மல்லியோடு ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகும். அங்கே பூவுக்குக் குறியீடு, இங்கே வேலைப்பாட்டுக்கு.

கோயிலுக்கென்று கட்டப்பட்ட மாலை கல்யாண மேடைக்கு வந்ததற்குப் பெரிய காரணம் கேமரா. பழைய கல்யாண மாலை சம்பங்கியும் ரோஜாவும் பச்சையும் ஜிகினாவும் சேர்த்து உருட்டிக் கட்டிய கனமான பொருள். மாப்பிள்ளையின் கழுத்தில் ஏறினால் தோள் இரண்டும் மறையும், பெண்ணின் நகை தெரியாது. பட்டுச் சேலைக்கும் ரவிக்கை வேலைப்பாட்டுக்கும் பெருந்தொகை செலவழித்த வீட்டுக்காரர்கள் அதைப் பூவுக்குப் பின்னால் ஒளித்துவைக்க விரும்புவதில்லை. தட்டையான, ஒடுங்கிய, படத்தில் கோடுபோல விழும் மாலைக்குக் கிராக்கி வந்தது அப்படித்தான். மாணிக்கமாலை நூற்றாண்டுப் பழையது. இன்றைய ரசனைக்கென்றே செய்ததுபோல அமைந்துவிட்டது.

அதற்குப் போட்டியாக நிற்பது ரோஜா இதழ் மாலை. ஓசூர் ரோஜாவை உதிர்த்து, ஒவ்வோர் இதழையும் மடித்து நெருக்கமாகக் கோப்பார்கள். ஒரு ஜோடி மாலைக்குக் கிலோக் கணக்கில் ரோஜா தேவைப்படும், கட்டுகிறவர்களுக்கு இரவு முழுவதும் வேலை. தாஜ்மஹால் என்ற சிவப்பு ரகம் நீண்ட காலம் மேடையை ஆண்டது. இப்போது இளஞ்சிவப்பு, வெளிர் மஞ்சள், சந்தன நிறம் கேட்கிறார்கள். முகூர்த்தச் சேலையின் படம் வாட்ஸ்அப்பில் மாலை கட்டுகிறவருக்கு வந்துவிடுகிறது. சேலையின் கரை நிறத்துக்கு மாலை நிறம் ஒத்துப்போக வேண்டும். மாலையில் தாமரை இதழை மடித்து வைப்பதும், சம்பங்கி மொட்டை மட்டும் தனித்து வெண்மணிபோலக் கோப்பதும், வரவேற்புக்கு ஆர்க்கிட், கார்னேஷன் சேர்ப்பதும் இந்தக் காலத்து வழக்கங்கள். முகூர்த்தத்துக்கு ஒரு ஜோடி, வரவேற்புக்கு வேறொரு ஜோடி, மஞ்சள் பூசும் நிகழ்ச்சிக்குப் பூவாலேயே கம்மலும் நெற்றிச்சுட்டியும் வளையலும். வடநாட்டிலிருந்து வந்த அந்தப் பூ நகைக்கு இங்கே வேலை தெரிந்த விரல்கள் தயாராகவே இருந்தன.

இந்த மாற்றத்தில் தொலைந்தது வாசனை. ஓசூர் ரோஜா நீண்ட பயணத்தையும் குளிர்ப்பெட்டியையும் தாங்கும். பன்னீர் ரோஜாவின் மணம் அதில் இல்லை. அரளிக்கும் பெரிதாகக் கிடையாது. கார்னேஷனும் ஆர்க்கிட்டும் அப்படியே. சாயத்தில் முக்கி எடுத்த நீலப் பூவை என்ன சொல்ல! இன்று மேடையில் பெரும்பாலும் மணம் வீசுவது பெண்ணின் தலையில் இருக்கும் பிச்சிதான். அங்கேயும் ஆயத்தப் பூஜடை வந்து இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறது. நல்லவேளையாக, ஜடைக்கு எது வைத்தாலும் அதைச் சுற்றி இரண்டு முழம் பிச்சி இல்லாமல் பெரியம்மாவோ மாமியோ பெண்ணை மணவறைக்கு அனுப்பமாட்டார்கள்.

குமரி மாவட்டத்தின் கல்யாணச் சந்தைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. 2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள் தொகையில் இந்துக்கள் ஏறத்தாழ 49 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 47. ஆடியிலும் மார்கழியிலும் இந்து வீடுகளில் கல்யாணம் இல்லை; தவக்காலத்தில் கத்தோலிக்க வீடுகளில் இல்லை. ஒரு பக்கம் படுக்கும்போது இன்னொரு பக்கம் எழுந்துகொள்ளும். கோயில் கல்யாணத்துக்கு மாலையும் தலைப்பூவும் என்றால், தேவாலயக் கல்யாணத்துக்குப் பீடத்துக்கும் காருக்கும் அலங்காரம், வெள்ளைச் சேலையும் முக்காட்டு வலையும் அணிந்த மணப்பெண்ணின் கையில் பூச்செண்டு, மாப்பிள்ளையின் கோட்டில் குத்த ஒற்றைப் பூ. அந்தச் செண்டுக்கான லில்லியும் கார்னேஷனும் நீலகிரிக் குளிரில் விளைந்து வருகின்றன. அங்கும் தோவாளைக்கு ஒரு பங்கு இருக்கிறது: ஆலய வாசலில் ஜோடியை வரவேற்கும் மாலை பெரும்பாலும் இங்கே கட்டியதுதான். தக்கலை, திருவிதாங்கோடு, இடலாக்குடிப் பக்கத்து இஸ்லாமிய மாப்பிள்ளைகளின் கழுத்துக்கும் அப்படியே.

கல்யாணப் பூவால் வாழும் இந்த மாவட்டத்தின் தெய்வம் கல்யாணம் நின்றுபோன பெண் என்பது ஒரு வேடிக்கை. குமரித் தாய்க்கும் சுசீந்திரத்து ஈசனுக்கும் குறித்த முகூர்த்தம், நாரதர் சேவலாகக் கூவியதால் தவறிவிட்டது என்பது கதை. ஆக்க வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாகிக் கடற்கரையில் கிடக்கின்றனவாம். அந்த வீட்டுக்கு யார் மாலை கட்டினார்கள், அதற்குப் பணம் கிடைத்ததா என்று கதையில் இல்லை. முகூர்த்தம் தள்ளிப்போனால் முதல் நஷ்டம் பூக்காரருக்குத்தான் என்பதை கொரோனா ஊரடங்கு காலத்தில் தோவாளை நேரிலேயே பார்த்தது. அன்று செடியிலேயே பூவை விட்டவர்கள் உண்டு.

கேரளத்து ஓணம்தான் ஆண்டின் இன்னொரு பெரிய அறுவடை. அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாளும் அத்தப்பூக் களத்துக்குக் கேந்தியும் வாடாமல்லியும் அரளியும் மலையாய்க் குவியும். இரவெல்லாம் சந்தை நடக்கும். இப்போது குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் கேரளத்திலேயே ஓணத்துக்கென்று கேந்தி பயிரிடுகின்றன. உதிரிப் பூவுக்கு இப்படி மாற்று வந்துகொண்டிருக்கும்போது, கட்டிய மாலையின் பங்கு கூடுவது ஊருக்கு நல்லது. உதிரிப் பூவை யாரும் விளைவிக்கலாம்.

தை மாதத்தில் விலை உச்சிக்குப் போவதற்கும் கணக்கு உண்டு. பனிக்காலத்தில் மல்லிகை மொட்டுக் கட்டுவது குறைவு. மார்கழி முழுக்கக் காத்திருந்த கல்யாணங்களோ தை பிறந்ததும் ஒரே வாரத்தில் மோதும். விளைச்சல் குறைந்த நேரத்தில் தேவை கூடினால் விலை எங்கே போகும்? சித்திரை, வைகாசியில் முகூர்த்தம் நிறைய இருந்தும் பூ தாராளமாக வருவதால் அவ்வளவு கையைக் கடிக்காது. பட்ஜெட் பார்க்கிற வீட்டுக்காரர்கள் மண்டப வாடகையோடு இதையும் யோசிக்கலாம்.

மாலை கட்டும் கூலிதான் இன்னும் சரியாகாத கணக்கு. பூ விலை ஏறினால் மாலை விலையும் ஏறும். கட்டுகிறவரின் கூலி அதே வேகத்தில் ஏறுவதில்லை. ஒரு நல்ல மாணிக்கமாலைக்கு மணிக்கணக்காகக் குனிந்து உட்கார வேண்டும். படித்த பிள்ளைகள் நாகர்கோவிலுக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போவதில் ஆச்சரியம் இல்லை. புவிசார் குறியீடு பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. அதன் பயன் மாலை விற்கிற கடையோடு நிற்குமா, திண்ணையில் இருக்கிறவருக்கும் போய்ச் சேருமா என்பதை அடுத்த சில கல்யாணப் பருவங்களில் பார்த்துவிடலாம்.

மாணிக்கமாலை வேண்டுகிறவர்கள் முகூர்த்தத்துக்குச் சில நாட்கள் முன்பே சொல்லிவைக்க வேண்டும். அன்று காலையில் போய்க் கேட்டால் கிடைக்காது. நாகர்கோவில் வடசேரியிலிருந்து திருநெல்வேலி போகும் பேருந்துகள் தோவாளை வழியாகத்தான் போகின்றன. உதிரிப் பூ வாங்குவதாக இருந்தால் விடிவதற்கு முன் போய்விடுவது நல்லது. மாலையைக் கொண்டுபோகும்போது வாழை இலையில் சுற்றி லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். ஆடி, ஆவணியில் கணவாய்க் காற்று பலமாக அடிக்கும். கார் ஜன்னலைத் திறந்துவைத்துக் கொண்டுபோனால் ரோஜா இதழ் மண்டபம் சேர்வதற்குள் ஓரம் கருகிவிடும். அரளிக்கு அந்தக் கவலை குறைவு.