கொல்லைப்புறத்துப் பாலைவனம்

பாலைவனம் என்றதும் மணலும் வெயிலும்தானே ஞாபகத்துக்கு வரும்? அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள டூசான் நகரில் குளிர்காலத்தில் மழை பெய்யும். சில வருடங்களில் பனிகூட விழும்!

அங்கே வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், முழங்கால் வலியால் மலையேறுவதை விட்டுவிட்டார். இப்போது கேமராவோடு அவர் போகும் அதிகபட்ச தூரம், கொல்லைப்புறம்தான்.

அங்கே நிற்கிறது ஒரு சகுவாரோ கள்ளி. கிளை விடவே பொதுவாக 50 முதல் 75 வருடங்கள் எடுத்துக்கொள்ளும் இனம். மழைத் தண்ணீரை உறிஞ்சியதும் உடம்பின் மடிப்புகள் விரியும். முன்பும் பின்பும் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்தால், விருந்து சாப்பிட்டு எழுந்தவர் மாதிரி இருக்கும்!

பனி விழுந்தால்தான் ஓட்டம். பெரும்பாலும் மதியத்துக்குள் உருகிவிடுமே! முட்களின் மேல் பஞ்சாகப் பனி, பின்னால் வெள்ளை போர்த்திய சான்டா கேட்டலினா மலை.

ஆனால், உறைகுளிர் நீடித்தால் சகுவாரோவின் கிளை தொங்கிப்போகும். பாதிப்பு முழுசாகத் தெரிய வருடங்கள்கூட ஆகலாம். இந்தக் கள்ளியின் முதல் கிளை அரும்பியதைக் கண்டுபிடித்துச் சொன்னவர், அவரது மறைந்த கணவர்.

போன குளிர்காலத்தில் அந்தக் கிளை லேசாகத் தாழ்ந்ததுபோலத் தோன்ற, பழைய படங்களோடு ஒப்பிட்டார். தாழ்ந்துதான் இருந்தது. இந்த டிசம்பரிலும் அதே இடத்தில் ட்ரைபாடை ஊன்றியிருக்கிறார்.