பாரம் தாங்கும் பார்

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, உமணர் எனப்படும் உப்பு வணிகரின் வண்டியை உறுப்பு உறுப்பாகக் காட்டுகின்றது. உருளையைக் கூறும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், சுமையைத் தாங்கும் அடிச்சட்டத்தையும் மறவாது கூறுகின்றார். அதற்கு அவர் ஆளும் சொல் 'பார்' என்பதாம். உலகிற்கும் தமிழில் அதுவே பெயர். வகுப்பறையில் இவ்விரு பொருளையும் ஆண்டுதோறும் எடுத்துரைத்து வருகின்றோம். ஆயினும், வண்டியின் பாரை எதனால் அமைப்பது என்னும் வினா எங்கள் குடும்பத்திலேயே எழுந்தபோதுதான் அச்சொல்லின் முழு எடையை உணர்ந்தோம்.

பாபநாசம் வட்டத்தில் வேளாண்மை செய்யும் எங்கள் இளவல், கடன் பெற்றுப் பிக்கப் எனப்படும் சிறு சரக்கு வண்டி ஒன்றை வாங்கினார். ஓட்டுநர் அறையும் அடிச்சட்டமும் மட்டுமே கொண்ட வண்டி அது. பின்புறப் பெட்டியைப் பட்டறையில் கட்டிக்கொள்ளல் வேண்டும். ஒன்பது அடி நீளம், ஐந்தரை அடி அகலம் என முடிவாயிற்று. சட்டமும் பக்கப் பலகைகளும் எளிதில் முடிவாயின. தளத்திற்கு இரும்பா, அலுமினியமா, மரமா என்பதில்தான் வீடு மூன்றுபட்டது.

பட்டறையார் பரிந்துரைத்தது 'செக்கர் பிளேட்' என வழங்கும், மேற்பரப்பில் வரி எழுந்த இரும்புத் தகடு. அது உறுதியானது, உடையாது, பல்லாண்டு உழைக்கும். ஆனால் எடை மிகுதி. ஏறத்தாழ 50 சதுர அடித் தளத்திற்கு 3 மில்லிமீட்டர் கனமுள்ள தகடு 110 கிலோவிற்குக் குறையாது. அதே கனமுள்ள அலுமினியத் தகடு ஏறத்தாழ 40 கிலோ. ஓர் அங்குலக் கனமுள்ள வாகைப் பலகை ஏறத்தாழ 80 கிலோ. வண்டிக்கு விதிக்கப்பட்ட மொத்த எடை வரம்பினுள் பெட்டியின் எடையும் அடங்கும். எனவே தளத்தில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் சரக்கில் குறையும். இரும்பிற்கும் அலுமினியத்திற்கும் உள்ள வேறுபாடு 40 கிலோ நெல் மூட்டை இரண்டிற்குச் சற்றே குறைவு. மயிற்பீலியையும் அளவறிந்து ஏற்றச் சொன்ன வள்ளுவர் நாட்டில் இக்கணக்கு சிறிதன்று.

எனினும் எடை ஒன்றே அளவுகோல் ஆகாது. அலுமினியம் இரும்புச் சட்டத்தின் மேல் நேரே அமர்ந்து ஈரமும் உப்பும் சேருமாயின், இரண்டும் தொடும் இடத்தில் அலுமினியம் அரிக்கப்படும். இடையே ரப்பர்ப் பட்டை வைத்தல் வேண்டும். ஒட்டுப்பலகை இடுவதாயின், வெட்டு விளிம்புகளை நன்கு அடைக்காவிடில் நீர் புகுந்து அடுக்குகள் பிரியும். மரத்திற்கும் குறை உண்டு. வெயிலில் வெடிக்கும், ஈரம் தங்கினால் உளுக்கும், பலகைகளுக்கு இடையே சந்து விட்டால் நெல் சிந்தும். கதிர் அறுக்கும் இயந்திரம் வந்தபின் நெல்லைச் சாக்கில் கட்டாமல் அப்படியே கொட்டி ஏற்றுவதும் வழக்கமாகிவிட்டமையால், இக்குறை முன்னினும் பெரிது.

ஆகவே தளத்தை விட்டுச் சுமையை எண்ணத் தொடங்கினோம். குறுவை அறுவடை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையின் வாயிலில் வந்து நிற்கும். சம்பா அறுவடையோ தைப் பனியில் நிகழும். இடையில் யூரியாவும் பொட்டாஷும் ஏறும். பொட்டாஷ் உப்பு இனத்தது, இரும்பை அரிக்கும். ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டிக் குர்பானி ஆடுகள் ஏறும். வெயிலில் காய்ந்த தகடு அவற்றின் குளம்பையும் வயிற்றையும் சுடும், நனைந்தாலோ வழுக்கும்.

இவற்றுள் எளிதில் கெடுவது நெல்லே. 1972இல் தோன்றிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடிக் கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பதத்திற்குரிய பொது வரம்பு 17 விழுக்காடு. மழை மிகுந்த ஆண்டுகளில் நடுவண் அரசு அதனைத் தளர்த்தியதுண்டு; ஆனால் தளர்வு வரும்வரை உழவன் காத்திருத்தல் வேண்டும். ஏற்றிய வண்டி ஓரிரவு பனியில் நின்றால் தகடு விரைவில் குளிர்ந்து, தார்ப்பாயின் கீழ் அதன்மீது நீர் கோக்கும். அந்நீர் வடிய வழியின்றி அடிவரிசை மூட்டையில் ஏறும். மரம் அவ்வளவு விரைவாகக் குளிர்வதில்லை. சிறிது ஈரத்தைத் தானே வாங்கியும் கொள்ளும்.

"தகடு போட்டால் பத்து வருடம் திரும்பிப் பார்க்க வேண்டாம், அண்ணே. கடன் அடைகிற வரைக்கும் செலவு வரக்கூடாது" என்றார் இளவல். அவர் கூற்றில் நியாயம் இருந்தது. மாதத் தவணை அவர் தோளில் அன்றோ! அதுவரை வாளாவிருந்த எங்கள் அத்தா, "வண்டி உன்னுடையது தம்பி, ஏற்றுகிற நெல் ஊராருடையது. அது அமானிதம்" என்றார்.

அமானிதம் என்பது நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள். அதனைப் பழுதின்றித் திருப்பி அளிப்பது மார்க்கக் கடமை. ஓர் உழவனின் அரையாண்டு உழைப்பு சில நாழிகை நேரம் இன்னொருவர் வண்டியில் இருக்கின்றது. இரும்புத் தளம் வண்டிக்கு உடையவரைக் காக்கும்; மரத்தளம் சரக்கிற்கு உடையவரைக் காக்கும். எங்கள் முன் நின்ற வினா இதுவே என்பது அப்போது தெளிவாயிற்று. இளவலும் மறுக்கவில்லை.

மரத்திற்குத் தொலைவு செல்ல நேரவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது பட்டுக்கோட்டைப் பகுதியில் எங்கள் மாமனார் தோப்பிலும் மரங்கள் வீழ்ந்தன. அவற்றுள் வாகை ஒன்றை அறுத்து, காற்றோட்டமாக அடுக்கி வைத்திருந்தனர். ஐந்தாண்டுகளுக்கு மேல் நிழலில் உலர்ந்த பலகை அது. பூச்சி அரிக்கும் வெள்ளைப் பகுதியை ஆசாரியார் களைந்துவிட்டு வைரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒரு பலகையின் விளிம்பு மற்றதன் காடியில் செருகுமாறு இழைத்துச் சந்தின்றி இணைத்தார். மரையாணிகளின் தலை மேலே துருத்திச் சாக்கைக் கிழிக்காதபடி பலகைக்குள் அமிழ்த்தினார். மூட்டைகள் உராயும் பின்வாயில் ஓரத்தில் மட்டும் ஒரு சாண் அகலத்திற்குத் தகடு பதித்தோம். லாரித் தளங்களுக்குக் கழிவு எண்ணெய் பூசுவாருண்டு. உணவுத் தானியம் ஏறும் தளத்திற்கு அஃது ஆகாது என்று ஆளிவிதை எண்ணெயே பூசினோம். உரத்திற்கெனத் தனித் தார்ப்பாய் ஒன்றும், ஆடுகளுக்கென வைக்கோல் பரப்பும் வழக்கமாயின.

இத்தளம் இரும்பைப்போல் நெடுநாள் நிற்குமென நாங்கள் கருதவில்லை. ஆண்டுக்கொருமுறை எண்ணெய் பூச வேண்டும். ஒரு பலகை கெட்டால் அதனை மட்டும் கழற்றி மாற்ற வேண்டும். அச்செலவு எங்களுடையது, எங்களால் இயன்றது. முளை கட்டிய நெல்லோடு கொள்முதல் நிலைய வாயிலில் நிற்பவனுக்கு அதனை மாற்றிக் கொடுக்க எவராலும் இயலாது.