தேறலும் பிளாவும்

திருகோணமலைத் துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 வரை நிலைத்திருந்தது. அதன் உணவுக்கூடத்தில் பணிபுரிந்த ஒருவருக்குத் திராட்சை மது அங்கேயே அறிமுகமாயிற்று. விருந்துகளின்பின் போத்தல்களில் எஞ்சிய துளிகளே அவருக்குப் பாடம். முகர்ந்தும் மெல்லச் சுவைத்தும் ஒன்றை மற்றொன்றினின்று பிரித்தறியப் பழகினார். அப்பழக்கத்தோடு ஒரு செருக்கும் வந்தது. சீவற்றொழில் செய்த இளமை நண்பர் நீட்டிய பிளாவை நெடுங்காலம் மறுத்தார்.

கடல்வழி வந்த மது தமிழருக்குப் புதியதன்று. யவனர் தந்த தேறலைப் புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் குறிப்பிடுகின்றார். 1945இல் அரிக்கமேட்டு அகழ்வில் மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தன. மடெய்ராத் தீவின் மதுவோ கப்பலறை வெப்பத்தில் மேலும் சுவையேறியது. பனங்கள்ளுக்கு அவ்வாற்றல் இல்லை. பாளையிலிருந்து முட்டியில் சொட்டும்போதே நொதிக்கத் தொடங்கி, மறுநாளைக்குள் புளித்துவிடும்.

ஓய்வுபெற்ற பின்னர் ஒரு மாலை, அவர் தாமாகவே நண்பரிடம் சென்று பிளாவை ஏந்தினார். முகர்ந்தார், சுவைத்தார்.

“இது காலையில் இறக்கியதன்று, சற்றுமுன் இறக்கியது” என்றார். நண்பர் வியந்து நகைத்தார்.

துறைமுகத்தில் பழகிய நா, ஊர்ச்சுவையை அன்றுதான் அறிந்தது. ஆனால் அச்சுவையைப் போத்தலில் அடைத்துப் பேணவியலாது. முதுமையுற்ற நண்பர் மரமேறும் காலம்வரையே அது வாய்க்கும்.