காணாமல் போன மஞ்சள் மீன்



"டீச்சர், என்ன தினமும் ஸ்டேட்டஸில் மீன் படம்?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். பதில் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

மணிமங்கலம் வீட்டில் என் பேரன் மூன்றடி நீளத்தில் ஒரு கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறான். பக்கத்திலேயே பெரிய ஏரி இருந்தாலும் அந்தத் தண்ணீர் இதற்கு ஆகாது. ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்புக் கலவையைக் கரைத்து, லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் இரண்டு கோமாளி மீன்களும், சங்கைச் சுமந்து திரியும் இரண்டு குட்டி நண்டுகளும் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் போய் விரல் நீளத்தில் ஒரு மஞ்சள் 'ராஸ்' மீன் வாங்கி வந்தான். திங்கள் காலை பார்த்தால் அது இல்லை.

எங்கள் பின்கட்டில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அப்பாவுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. பையன் மூன்றாம் வகுப்பு. தினமும் மாலையில் தொட்டி முன்னால் வந்து நிற்பான். "பாட்டி, மீனு" என்பதுதான் அவன் என்னிடம் பேசிய முதல் தமிழ். ஞாயிறு மாலையும் வந்திருந்தான். அன்று நம் வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஒருவர், மறுநாள் போனில் விஷயத்தைக் கேட்டதும், "அந்தப் பையன்தான் கையை விட்டு எடுத்திருப்பான்" என்று சொல்லிவிட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவன் அம்மா வாசலில் நின்றிருந்தார். அவருக்குத் தமிழ் முழுதாகப் புரியாது. ஆனால் அது புரிந்துவிட்டது. அன்று மாலை பையன் வரவில்லை.

என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். வகுப்பில் ஜியாமெட்ரி பாக்ஸ் காணோம் என்றால் எல்லார் கண்ணும் ஒரே பெஞ்சின் பக்கம்தான் திரும்பும். தொலைத்தவன் பையை முதலில் கொட்டிப் பார்க்கச் சொல்வேன். பாதி நாள் அதிலேயே கிடைக்கும். இங்கேயும் அப்படியே தொட்டியிலிருந்து ஆரம்பித்தோம்.

முதலில் தரை. கடல்மீன்கள் துள்ளி வெளியே விழுவது சகஜம். டார்ச் அடித்து அலமாரிக்குப் பின்னால், சோபாவுக்கு அடியில் எல்லாம் பார்த்தோம். ஒரு துளி சர்க்கரை சிந்தினாலே எறும்பு வரிசை கட்டும் வீடு இது. ஒரு எறும்பு கூட இல்லை. தொட்டியின் மேல் வலையும் அப்படியே இருந்தது.

அடுத்து ஃபில்டர். நிறுத்திவிட்டுக் கழற்றிப் பார்த்தோம். ஸ்பாஞ்ச் மட்டும்தான்.

செத்திருக்குமோ? மீன் அழுகினால் தண்ணீரில் அம்மோனியா ஏறும். சோதித்தோம், ஏறவில்லை. ஆனால் இது மட்டும் போதாது. சின்ன மீனை நண்டும் புழுவும் சீக்கிரமே தின்று தீர்த்துவிடும்.

பாறைக்குள் ஏதாவது ஒளிந்திருக்குமோ? இங்கிலாந்தில் நியூக்கீ ஊரின் மீன் காட்சியகத்தில், பவளங்கள் கடிபட்டு, மீன்கள் காயம்பட்டுக்கொண்டே இருந்தன. காரணம் தெரியாமல் 2009-இல் பாறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். நான்கடி நீளக் கடற்புழு ஒன்று உள்ளே இருந்தது! நாங்களும் இரவில் விளக்கை அணைத்து டார்ச்சில் பார்த்தோம். ஒன்றுமில்லை. கோமாளி மீன்களுக்கும் ஒரு கீறல் இல்லை.

மீதி இருந்தது மணல்தான். ராஸ் குடும்பத்தில் 500-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றில் பல இரவில் மணலுக்குள் புகுந்து தூங்குபவை. பயந்தாலும் புகுந்துகொள்ளும். புது இடத்துக்கு வந்தால் சில நாள் தலையே காட்டாது. பேரன் குச்சியால் கிளறப் போனான். வேண்டாம் என்றேன், உள்ளே இருந்தால் குத்திவிடும். வழக்கம்போல் விளக்குப் போட்டு, அதே நேரத்தில் தீனி போட்டு வரச் சொன்னேன்.

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. வீட்டில் எல்லாரும் நம்பிக்கை இழந்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு மணல் லேசாக அசைந்தது. மஞ்சளாக ஒரு மூக்கு. பிறகு கண். பிறகு முழு மீன்!

பேரனைக் கூப்பிடுவதற்கு முன் பின்கட்டுக்குப் போய் அந்தப் பையனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அரை மணி நேரம் நின்றான்.

போட்டோவைப் பார்த்த அந்த உறவினர் ஞாயிறன்று தானே வந்து, நேராகப் பின்கட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. இதை அவரும் படிப்பார். நல்ல மனசு அவருக்கு.

உங்களில் பலர் இப்போது சூப்பர்வைசர்கள், மேனேஜர்கள், வீட்டுச் சொந்தக்காரர்கள். பொருள் காணாமல் போகாத இடம் கிடையாது. தரை, ஃபில்டர், பாறை, மணல் எல்லாவற்றையும் பார்த்து முடியுங்கள். நாலு நாள் காத்திருங்கள். ஒரு ஆளின் பெயரைச் சொல்வது அதற்கப்புறம்தான். அதிலும், ஊருக்குப் புதிதாகப் பிழைக்க வந்தவர் பெயரென்றால் இன்னொரு முறை தேடிவிட்டுச் சொல்லுங்கள்.

தொட்டி வைத்திருப்பவர்கள் மேலே வலை போட மறக்காதீர்கள். எல்லாரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்