சீட்டைக் கலைத்தவர்

பொட்டி தட்டிப் பெரும் பணக்காரர் ஆனவங்க பேரைச் சொல்லுன்னு கேட்டா, நம்ம மக்கள் நாராயணமூர்த்தியில ஆரம்பிச்சு, நம்ம பக்கத்து சிவ நாடார், தென்காசிப் பக்கம் வந்து உட்கார்ந்த ஸ்ரீதர் வேம்புன்னு வரிசையா சொல்லுவாங்க. அந்த வரிசையில அனுராக் தீட்சித் பேரு வராது. இத்தனைக்கும் ஐ.ஐ.டி. டெல்லியில கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவர். முப்பத்தஞ்சு வயசுக்குள்ள ஃபோர்ப்ஸ் பில்லியனர் பட்டியலுக்குப் போனவர். இந்தப் பதிவு அவரைப் பற்றித்தான். நடுவுல என் சொந்தக் கதையும் கொஞ்சம் வரும், பொறுத்துக்கோங்க.

தீட்சித்துக்குச் சொந்த ஊர் தன்பாத். நிலக்கரி ஊரு. படிப்பு முடிஞ்சு அமெரிக்காவில் ஒரு சாதாரண மென்பொருள் ஆலோசகரா வேலை. நம்மில் பாதிப் பேர் ஜாதகமும் அதுதானே. 1990களின் கடைசியில் ரூத் பாரசோல் என்ற அமெரிக்கப் பெண்மணி, இணையத்தில் கேசினோ நடத்த மென்பொருள் எழுத ஆள் தேடினார். தீட்சித் சிக்கினார். அப்போ அவருக்கு இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசு இருக்கும். பிறகு தன் கல்லூரித் தோழர் விக்ராந்த் பார்கவாவை மார்க்கெட்டிங் பார்க்கக் கூட்டி வந்தார். 2001-ல் பார்ட்டி போக்கர் தளம் வந்தது. தலைமையகம் ஜிப்ரால்டர். மென்பொருள், வாடிக்கையாளர் சேவை வேலைகளில் பெரும்பகுதி நடந்தது ஐதராபாத்தில்!

2003-ல் ஒரு கூத்து நடந்தது. டென்னசியைச் சேர்ந்த ஒரு சாதாரண கணக்காளர், வேறொரு இணையதளத்தில் சின்னக் கட்டணம் கட்டி ஜெயித்து, அது மூலமா உலக போக்கர் போட்டிக்குள் நுழைந்து, 25 லட்சம் டாலர் பரிசை அள்ளிக்கிட்டுப் போனார். அவர் பேரு கிறிஸ் மணிமேக்கர். நெசமாவே அதுதான் பேரு! :-) அதைப் பார்த்து அமெரிக்காவே சீட்டும் கையுமா கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்தது. 2005 ஜூனில் பார்ட்டிகேமிங் லண்டன் பங்குச்சந்தைக்கு வந்தப்போ அதன் மதிப்பு சுமார் 460 கோடி பவுண்டு. அதே செப்டம்பரில் எஃப்.டி.எஸ்.இ. 100 பட்டியலிலும் இடம் கிடைச்சது.

வருமானத்தில் மிகப் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து. இது சட்டவிரோதம் என்பது அமெரிக்க நீதித்துறையின் கருத்து என்று பங்கு வெளியீட்டு ஆவணத்திலேயே எழுதியிருந்தார்கள். எழுதி வைத்துவிட்டுத்தான் விற்றார்கள். ஜனங்களும் வாங்கினார்கள்.

இப்போ தொழில்நுட்பத்துக்கு வருவோம். சீட்டாட்ட மென்பொருளில் உயிர்நாடி, சீட்டைக் கலைப்பது. 52 சீட்டை எத்தனை வரிசையில் அடுக்கலாம்? 8க்குப் பின்னால் 67 சைபர் போட்டால் வருகிற மாதிரி ஓர் எண். 1999-ல் ஒரு போக்கர் மென்பொருள்காரர்கள், எங்க ஆட்டம் எவ்வளவு நேர்மையானது பாருங்கன்னு கலைக்கும் நிரலை வெளியிட்டார்கள். அதை ஒரு பாதுகாப்பு நிறுவன ஆட்கள் உட்கார்ந்து படித்தார்கள். உள்ளே இருந்தது 32 பிட் விதை எண், அதுவும் கடிகாரத்திலிருந்து எடுத்தது. நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லிசெகண்டு ஆச்சுங்கிற கணக்கு. ஒரு நாளைக்கு மொத்தமே 8 கோடியே 64 லட்சம். சர்வரின் நேரத்தை ஓரளவு ஊகித்தால் அதையும் சில லட்சமாகச் சுருக்கிவிடலாம். மேசையில் திறந்திருக்கிற சில சீட்டுகளைப் பார்த்தே எதிராளி கையில் இருப்பதைச் சொல்லிவிட்டார்கள். அதுக்கப்புறம் இந்தத் தொழிலில் எல்லாரும் ஒழுங்கா கலைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

ஒழுங்கா கலைத்தால் பிரச்சினை தீர்ந்ததா? இங்கதான் என் கதை வருது.

எங்க ஊரு கங்கைகொண்டான். திருநெல்வேலியிலிருந்து மதுரை ரோட்டுல வந்தா, சிற்றாத்துக்கரை ஊரு. சோழபுரம் இல்லீங்க, வெறும் கங்கைகொண்டான். சிப்காட் இருக்கு, மான் சரணாலயம் இருக்கு, எல்காட் ஐ.டி. பூங்காவும் இருக்கு. ஆனாலும் எங்க செட்டுல கோடு எழுதப் படிச்சவன் எல்லாம் பெங்களூருக்குத்தான் பஸ் ஏறினான். என் சித்தப்பா மகன் மட்டும் ஊரோட இருந்தான். சிப்காட்டுல ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா தூக்கம் வராது, கையில போன், போன்ல ரம்மி. 2022 முடியுறதுக்குள்ள சித்தியோட வளையல் ரெண்டும் அடகுக்கடைக்குப் போயிருந்தது. போதாக்குறைக்கு ஆப்புல வாங்கின கடன் வேற.

2023 பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப அவன் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான்.

"எண்ணே, நீ இந்த வேலைதான பாக்க. சீட்டை நெசமாவே கலைக்கானுவளா, இல்ல எனக்குன்னு மோசமான கையா பாத்துப் போடுதானுவளா?"

"பெரிய கம்பெனின்னா நெசமாத்தான்டே கலைப்பான். உன்னை ஏமாத்தணும்னு அவனுக்கு அவசியமே இல்லை."

அவன் முகத்தைப் பார்க்கணுமே. ஏமாத்தித்தான் தோற்கடிச்சானுவன்னு நான் சொல்லியிருந்தா அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும். ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். உங்களுக்கும் சொல்லுதேன்.

ஆறு பேர், ஆளுக்கு நூறு ரூபாய். மேசையில் 600. நடத்துகிறவன் பங்கு பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், 60 ரூபாய். ஜெயிச்சவனுக்கு 540. ஆறு பேருமே சமமான கெட்டிக்காரங்க, சீட்டும் சுத்தமா கலைச்சதுன்னே வைங்க. பத்து ஆட்டம் முடிஞ்சா மேசையை விட்டு 600 ரூபாய் வெளியே போயிருக்கும். சராசரியா ஆளுக்கு நூறு நஷ்டம். ஐம்பது ஆட்டம் போனா ஆளுக்கு ஐந்நூறு. யாரும் யாரையும் ஏமாத்தலை. ஊர்ல மரத்தடியில ஆடினா இருட்டினதும் எழுந்திரிச்சிருவான். வீட்டுலருந்து ஆள் வந்து கூப்பிடும். போனில் இருட்டவே இருட்டாது. ஒரு நிமிஷத்தில் அடுத்த மேசை தயார்.

"அப்ப நல்லா ஆடுதவன் ஜெயிப்பாம்லா?"ன்னான். ஜெயிப்பான். அந்த அறுபதையும் தாண்டி ஜெயிக்கிற அளவு நல்லா ஆடணும். அவன் ஜெயிக்கிற காசு எங்கிருந்து வருது? நைட் ஷிப்ட் முடிஞ்சு தூக்கம் வராம ஆடுறவன்கிட்டருந்து.

ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம்தான் என்று உச்ச நீதிமன்றம் 1960களின் கடைசியிலேயே ஓர் ஆந்திர வழக்கில் சொல்லியாச்சு. கிளப்பில் உட்கார்ந்து ஆடுகிறவர்களைப் பற்றிய வழக்கு அது. ஆட்டத்திலிருந்து கிளப்பே லாபம் பார்த்தால் விஷயம் வேறு என்றும் அதே தீர்ப்பில் இருக்கு. ஆப்காரர்கள் முதல் பாதியை மட்டும் விளம்பரத்தில் போட்டுக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் 2021-ல் போட்ட தடைச் சட்டம் அந்த ஆகஸ்டிலேயே சென்னை உயர் நீதிமன்றத்தில் அடிபட்டது. நீதிபதி சந்துரு குழு 2022-ல் அறிக்கை தந்து, புதுச் சட்டம் ஆளுநரிடம் போய்த் திரும்பி, மறுபடி நிறைவேறி, 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதிலிருந்தும் ரம்மி, போக்கர் இரண்டையும் அதே நவம்பரில் உயர் நீதிமன்றம் விலக்கிவிட்டது.

இதுக்கு நடுவுல, 2023 மத்தியில எனக்கு ஒரு நேர்காணல். பெங்களூரில் ஒரு ரம்மி கம்பெனி. பேர் வேண்டாமே. சும்மா சொல்லக்கூடாது, வேலை அருமையான வேலை. லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் ஆடும்போது மேசை சர்வரை எப்படிப் பிரிப்பது, பாதி ஆட்டத்தில் ஒருத்தனுக்கு நெட் போயிட்டா என்ன செய்வது, ரெண்டு பேர் கூட்டுச் சேர்ந்து மூன்றாமவனைக் கவிழ்த்தால் எப்படிக் கண்டுபிடிப்பது... ரெண்டு மணி நேரம் போனதே தெரியலை. சம்பளம் அப்போ வாங்கினதைப் போல கிட்டத்தட்ட இரு மடங்கு. கடைசியில் "ஏதாவது கேட்கணுமா?"ன்னார் மேனேஜர்.

"உங்க வருமானத்தில் பாதி, எத்தனை சதவீதம் ஆட்டக்காரர்களிடமிருந்து வருது?"ன்னு கேட்டேன்.

சிரிச்சார். "நல்ல கேள்வி"ன்னார். அடுத்த கட்டத்தை ஹெச்.ஆர். சொல்லுவாங்கன்னு முடிச்சுட்டார். நான் போகலை. அந்த வேலையில் என் கூடப் படிச்சவன் ஒருத்தன் சேர்ந்தான். வீட்டுக்கடன், தங்கச்சி கல்யாணம்னு அவனுக்கு ஆயிரம் இருந்தது, குறை சொல்ல மனசு வரலை.

தீட்சித்துக்கு என்ன ஆச்சு? 2006 அக்டோபரில், அமெரிக்க நாடாளுமன்றம் இணையச் சூதாட்டத்துக்கான பணப் பரிமாற்றத்தைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றிய செய்தி வந்த அன்றே, பார்ட்டிகேமிங் பங்கு பாதிக்கும் மேலே விழுந்தது. நிறுவனம் அமெரிக்க ஆட்டக்காரர்களை நிறுத்தியது. 2008 டிசம்பரில் தீட்சித் நியூயார்க் நீதிமன்றத்தில் போய் நின்றார். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 30 கோடி டாலரைக் கொடுக்கச் சம்மதித்தார். 2010 ஜனவரியில் மிச்சப் பங்குகளையும் விற்றார். அதே ஆண்டு டிசம்பரில் சிறை இல்லாமல் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு வழக்கு முடிந்தது. இப்போ மனைவியோடு சேர்ந்து குசுமா அறக்கட்டளை மூலமா கல்விக்குச் செலவு செய்யறார்.

கவனிங்க, சீட்டை ஏமாற்றிக் கலைத்தார் என்று அவர் மேல் வழக்கே இல்லை. அந்த நிரல் அவ்வளவு பேரைத் தாங்கி ஓடியது என்பதுதான் அந்தக் கம்பெனியின் சொத்தே. அதை எழுதியவரே கடைசியில் போய்த் தலைகுனிந்து நின்றது, அந்த நிரல் எந்தத் தொழிலை நடத்தியது என்பதற்காக. அந்தத் தொழில் அந்த ஊர்ச் சட்டத்துக்கு விரோதமா இருக்க வாய்ப்பு அதிகம்னு பிற்பாடு உணர்ந்ததாக நீதிமன்றத்தில் சொன்னார். நாம ஜூனியர் பசங்களுக்கு யூனிட் டெஸ்ட் எழுதச் சொல்லித் தர்றோம். இது எந்த டெஸ்டிலும் சிக்காத பக்.

2025 ஆகஸ்டில் நம்ம நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் கொண்டு வந்தது. சில நாளிலேயே பெரிய கம்பெனிகள் அந்த ஆட்டங்களை நிறுத்தின. எதிர்த்து வழக்குகளும் போயின. என் நண்பனுக்கு வேலை போச்சு. மூணு மாசம் அலைஞ்சு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்திருக்கான். சித்தப்பா மகன் கடனை மாசாமாசம் அடைச்சுட்டு வர்றான். ஒரு வளையல் மீண்டாச்சு. இன்னொண்ணு இன்னும் கடையில.

சட்டம் வந்துருச்சே, அப்புறம் எதுக்குவே இந்தப் பதிவுன்னு கேட்பீங்க. அடுத்தது வேற பேருல வரும் மக்கா. கடன் ஆப்போ, பங்குச்சந்தை எஃப் அண்ட் ஓ ஆப்போ, ஏதோ ஒண்ணு. அதுக்கும் நல்ல சம்பளத்துல நம்மளத்தான் கூப்பிடுவான். எந்த நேர்காணலுக்குப் போனாலும் இப்போ அந்த ஒரு கேள்வியைக் கேட்டுட்டுத்தான் வர்றேன். ரெண்டு இடத்துல நேர்மையா நம்பரைச் சொல்லியிருக்காங்க. உங்க அனுபவம் எப்படின்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: கணக்குல போட்ட பத்து சதவீதம் சும்மா உதாரணத்துக்கு. ஆப்புக்கு ஆப்பு மாறும். அடகுக்கடை வட்டி மட்டும் மாறவே மாறாது.