துணி துவைத்த பாறை வழியே ஏறினோம்

கேப் டவுனுக்குப் போகிறவர்கள் டேபிள் மலையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 1929 முதல் ரோப் கார் ஓடுகிறது. சில நிமிடங்களில் உச்சிக்குப் போய்விடலாம். நாங்கள் மூன்று பேரும் நடந்தே ஏறினோம். காசு மிச்சம் என்பது ஒரு காரணம். நாங்கள் தேர்ந்த பாதையின் கதை இன்னொரு காரணம்.

பாதையின் பெயர் பிளாட்டெக்ளிப். டச்சு மொழியில் தட்டைக் கல் என்று அர்த்தம். மலையிலிருந்து இறங்கும் ஓடை அந்தக் கற்கள்மேல் ஓடுகிறது. 1652இல் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே குடியேறியது. சில ஆண்டுகளிலேயே கப்பல் கப்பலாக அடிமைகளைக் கொண்டுவந்தது. அடிமைப் பெண்கள் எஜமானர் வீட்டு அழுக்கு மூட்டையைச் சுமந்து இந்த ஓடைக்கு வந்தார்கள். துவைத்து, பாறையில் உலர்த்தி, மறுபடி சுமந்து இறங்கினார்கள். 1834இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் 'தொழில் பழகுதல்' என்ற பெயரில் மேலும் நான்கு ஆண்டு அதே எஜமானரிடம் உழைக்க வைத்து, 1838 டிசம்பர் 1 அன்றுதான் விட்டார்கள். அதற்குப் பிறகும் பல பெண்களுக்குச் சலவைதான் பிழைப்பு.

அந்த அடிமைகளில் வங்கம், மலபார், சோழமண்டலக் கரையிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களும் உண்டு. சொந்தப் பெயரைப் பிடுங்கிவிட்டுச் சிலருக்கு மாதத்தின் பெயரை வைத்தார்கள். செப்டம்பர், பிப்ரவரி என்ற குடும்பப் பெயர்கள் அந்நகரத்தில் இன்றும் இருக்கின்றன.

என் அப்பாயி புதிரை வண்ணார். சேரிக்குத் துணி வெளுத்தவர். அவருடைய மாமியார் காலத்தில், பகலில் ஊர்க்காரர் கண்ணில் படக்கூடாது என்று இருட்டில் நடந்திருக்கிறார்கள். ஓடைக்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஏறத் தொடங்கினோம்.

செங்குத்தான கற்படிகள். வளைந்து வளைந்து போகிறது, நிழல் கிடையாது. முட்டி கெஞ்சும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டுபோனது போதவில்லை. இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு, இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே குறுகிய இடைவெளி. அதைத் தாண்டினால் ஆளைத் தள்ளும் காற்று, மேசைபோல் விரிந்த உச்சி. கடலுக்கு நடுவே மண்டேலாவை அடைத்து வைத்திருந்த ராபன் தீவு தெரிந்தது.

அங்கே ரோப் காரில் வந்த ஒரு தமிழ்க் குடும்பம். பெரியவர் எந்த ஊர் என்றார். சொன்னேன். "ஊருக்குள்ள எந்தத் தெரு?" என்றார். எத்தனை கடல் தாண்டினாலும் அந்தக் கேள்வி பின்னாலேயே வருகிறது. "கீழ ஒரு ஓடை இருக்குங்க ஐயா. அங்க துணி வெளுத்தவங்க எங்க ஆளுங்கதான்" என்றேன். அவர் போட்டோ எடுக்கப் போய்விட்டார்.

எங்களை அழைத்துப்போன நண்பர் அந்த ஊர்க்காரர். மலையடிவாரத்தில் ஒரு வெற்றிடத்தைக் காட்டினார். அது டிஸ்டிரிக்ட் சிக்ஸ். 1966இல் அரசு அதை வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, அறுபதாயிரம் பேரைப் படிப்படியாக வெளியேற்றி வீடுகளை இடித்தது. அவருடைய தாத்தா பாட்டியை மணல் பறக்கும் கேப் ஃப்ளாட்ஸுக்கு அனுப்பினார்கள்.

சாயங்காலம் அங்கேதான் சாப்பிட்டோம். உணவின் பெயர் கேட்ஸ்பி. முழங்கை நீள ரொட்டியைப் பிளந்து, உருளைக்கிழங்கு வறுவலும் மசாலா மாட்டுக்கறியும் திணித்து, வினிகரும் காரச் சாஸும் ஊற்றி நான்காக வெட்டித் தருகிறார்கள். கூலிக்காரர்கள் காசு போட்டு வாங்கிப் பங்கிட்டுத் தின்கிற சாப்பாடு. நாங்கள் மூன்று பேர். நான்காவது துண்டு வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் போனது. யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல், தெருவில் நின்று மாட்டுக்கறி தின்றேன். அந்தச் சுதந்திரத்துக்கும் ஒரு ருசி இருக்கிறது.

அதற்காக அந்த ஊரைச் சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். ஃப்ளாட்ஸிலிருந்து விடியுமுன் வண்டியேறி, மலையோரப் பங்களாக்களில் துணி துவைக்கப் போகிற பெண்கள் இன்றும் இருக்கிறார்கள்.

தம்பி தங்கைகளே, ஊர் சுற்றுங்கள். மலை ஏறுங்கள். அது பணக்காரப் பிள்ளைகளின் சொத்து என்று நினைக்க வேண்டாம். போகிற இடத்தில் உழைப்பவர்கள் சாப்பிடுகிற கடையில் சாப்பிடுங்கள். இந்தப் பாதையில் யார் சுமந்தார்கள் என்று கேளுங்கள். வெளிநாடு போகும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வால்பாறைக்குப் போனால், அந்தப் பச்சையை நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் எந்த லயன் வீட்டில் இருக்கிறார்கள் என்று விசாரித்து, அவர்களோடு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.